முத்தியால்பேட்டைக்கும் பாரிஸுக்கும் நடுவில் ஒரு ஸ்ட்ரீட் ஃபைட்டர் மேட்ச்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். "நானும் என் சித்தப்பா பையனும் சின்ன வயதில் வீடியோ கேம் கடையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடியே வளர்ந்தோம். தம்பி இப்போது குடும்பத்தோடு பாரிஸ் பக்கம் போய்விட்டான். அந்தப் பழைய ஆட்டத்தை ஆன்லைனில் ஆடும்படி புதிய கன்சோல்களுக்கு மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம். என்னிடம் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) இருக்கிறது, அவனிடம் நின்டெண்டோ ஸ்விட்ச். எதை வாங்குவது? இவ்வளவு தூரத்தில் லேக் அடிக்காதா? கடையில் இருந்த மாதிரி ஸ்டிக் வாங்க வேண்டுமா?"

ஆட முடியும். சரியாக அமைத்துக்கொண்டால் நன்றாகவே ஆடலாம். ஆனால் இப்போது இருக்கிற நிலையில் உங்கள் பிஎஸ்4ம் தம்பியின் ஸ்விட்சும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமான கேப்காம் 2018ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் முப்பதாம் ஆண்டுத் தொகுப்பை வெளியிட்டது. 2022ல் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன், 2024ல் மார்வெல் வெர்சஸ் கேப்காம் தொகுப்பு, 2025ல் ஃபைட்டிங் கலெக்‌ஷனின் இரண்டாம் பாகம் என்று வரிசையாக வந்தன. இவற்றில் எதிலுமே கிராஸ்பிளே கிடையாது. பிஎஸ்4ல் வாங்கியவர் பிளேஸ்டேஷன்காரரோடு மட்டும்தான் ஆடலாம், ஸ்விட்சில் வாங்கியவர் ஸ்விட்ச்காரரோடு மட்டும்தான். வாங்கிய பிறகு இது தெரிந்து நொந்து போனவர்கள் நிறைய.

அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்வது லேப்டாப். இவை முப்பது வருடப் பழைய ஆட்டங்கள், ஓரளவு சுமாரான லேப்டாப்பே போதும். ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடையில் வாங்கினால் ஆன்லைனில் ஆடுவதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டியதில்லை. பிஎஸ்4ல் ஆடினால் பிளேஸ்டேஷன் பிளஸ், ஸ்விட்சில் ஆடினால் நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தா கட்டியாக வேண்டும். உங்கள் பிஎஸ்4 கன்ட்ரோலரை யூஎஸ்பி ஒயரில் லேப்டாப்போடு மாட்டிவிடுங்கள், ஸ்டீம் அதை அடையாளம் கண்டுகொள்ளும். தம்பிக்காக நீங்கள் ஸ்விட்ச் வாங்க நினைத்தால் வேண்டாம் என்பேன். நின்டெண்டோ அதை இந்தியாவில் முறைப்படி விற்பதில்லை, பழுதானால் யாரிடம் போய் நிற்பது?

இனி எந்தத் தொகுப்பு என்பது. நான் 2022ல் வந்த கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷனைத்தான் சொல்வேன். அதில் இருக்கும் பத்து ஆட்டங்களில் ஒன்று ஹைப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. 2018 தொகுப்பில் பன்னிரண்டு ஆட்டங்கள் இருந்தும், ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரிய வேண்டுமானால் நெட்கோட், அதாவது இரண்டு வீட்டு ஆட்டத்தையும் இணையத்தில் ஒன்றாக ஓட்டும் நிரல், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும். பழைய சண்டை ஆட்டத்தை மறுபடி விற்கும்போது படம் எவ்வளவு கூர்மை, பாட்டு அதேதானா, அட்டைப்படம் எப்படி என்றெல்லாம் பார்க்கிறோம். இரண்டாவது ஆள் வேறு ஊரில் இருந்தால், அதெல்லாம் அப்புறம். முதலில் நெட்கோட்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கடைகளுக்கு வந்தது 1991ல். திரையில் நொடிக்குச் சுமார் 60 ஃபிரேம் (படம்), அதாவது ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி செகண்ட். இந்த ஆட்டத்தில் எல்லாமே ஃபிரேம் கணக்குதான். ஒரு குத்து எத்தனை ஃபிரேமில் வெளியே வருகிறது, எத்தனை ஃபிரேம் நிற்கிறது, கை திரும்பி வர எத்தனை ஃபிரேம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. காம்போ என்று நாம் இன்று சொல்வது பிறந்ததே இந்தக் கணக்கின் ஓர் ஓட்டையில்தான். போனஸ் ரவுண்டில் காரை உடைக்கும் காட்சியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சரியான நேரத்தில் அடித்தால் ஓர் அடிக்குள்ளேயே இன்னோர் அடி நுழைந்துவிடுவதை கேப்காமின் நோரிடாகா ஃபுனாமிசு கவனித்தார். எதிராளி தடுக்க முடியாதபடி அடிகள் தொடர்ந்தன. இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம், எவரும் பெரிதாகப் பயன்படுத்த மாட்டார்கள் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த சண்டை ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஓட்டையின் மேல் கட்டியவைதான்.

கடையில் இரண்டு ஸ்டிக்கும் ஆட்டத்தை ஓட்டும் ஒரே சர்க்யூட் போர்டில் மாட்டியிருக்கும். நீங்கள் அழுத்துவதும் தம்பி அழுத்துவதும் அதே ஃபிரேமில் போர்டுக்குப் போய்ச் சேரும். ஆட்டத்தை எழுதியவர்கள் இதை நம்பித்தான் எழுதினார்கள். ஒரு ஸ்டிக் முத்தியால்பேட்டையிலும் இன்னொன்று பாரிஸிலும் இருக்கும் என்று 1991ல் எவர் நினைத்தார்?

இதற்கு முதலில் கண்டுபிடித்த வழி தாமதம். தம்பி அழுத்தியது இங்கே வந்து சேரும் வரை உங்கள் பட்டனையும் நிறுத்தி வைப்பது. இணைய வலை சீராக இருந்தால் கொஞ்சம் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் வலை சீராக இருப்பதில்லை. ஒரு நொடி 4 ஃபிரேம் தாமதம், அடுத்த நொடி 9. விரலுக்குப் பழகிய நேரம் எதுவும் உதவாது. ஃபயர் (கையிலிருந்து பாயும் நெருப்புப் பந்து) விட்டால் எப்போது வரும் என்று தெரியாது, தாவி வருபவரை மேல் குத்தால் அடிக்கப் போனால் குத்து தாமதமாக எழும். 2006ல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஹைப்பர் ஃபைட்டிங் ஆன்லைன் வசதியோடு வந்தபோது நடந்தது இதுதான். ஆசையாக வாங்கியவர்கள் வெறுத்துப் போனார்கள்.

அப்படி வெறுத்துப் போனவர்களில் ஒருவர் டோனி கேனன். அமெரிக்காவில் நடக்கும் ஈவோ போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் உட்கார்ந்து வேறொரு வழியில் எழுதினார், அதற்கு ஜிஜிபிஓ என்று பெயர். இன்று எல்லாரும் ரோல்பேக் என்று சொல்லும் முறையைச் சண்டை ஆட்டக்காரர்களிடையே பரப்பியது அதுதான். 2011ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் பிஎஸ்3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் ஆன்லைன் பதிப்பாக வந்தபோது அதன் உள்ளே ஓடியது ஜிஜிபிஓ. 2019ல் அதை எவரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். ஒரு ரசிகரின் கோபத்தில் தொடங்கியது இன்று உலகம் முழுக்க சண்டை ஆட்டங்களின் அடிப்படையாகிவிட்டது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

ரோல்பேக்கில் உங்கள் பட்டன் காத்திருப்பதில்லை. நீங்கள் அழுத்தியது உடனே, அல்லது ஒன்றிரண்டு ஃபிரேமில், உங்கள் திரையில் நடந்துவிடும். தம்பியின் பக்கம் என்ன அழுத்தினார் என்பது இன்னும் வந்து சேரவில்லையே? ஆட்டம் ஊகிக்கிறது. போன ஃபிரேமில் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதையே தொடர்கிறார் என்று வைத்துக்கொள்கிறது. தினமும் வரும் ஆள் தெருமுனையில் தலை காட்டியதுமே டீக்கடைக்காரர் டீ ஆற்ற ஆரம்பிப்பாரே, அதுபோல. பெரும்பாலும் சரியாக இருக்கும். என்றைக்காவது அவர் காபி கேட்டால் டீயைக் கொட்டிவிட்டு காபி போட வேண்டும். தம்பி உண்மையில் அழுத்தியது வந்து சேர்ந்ததும், ஊகம் தவறாக இருந்தால், ஆட்டம் சில ஃபிரேம் பின்னால் போய், சரியான பட்டனை வைத்து, அங்கிருந்து இப்போது வரைக்கும் மறுபடி ஓட்டிவிடும். இவ்வளவும் ஒரு ஃபிரேம் நேரத்துக்குள் நடக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது எதிராளி ஒரு சின்னத் துள்ளல் துள்ளியது போல இருப்பது மட்டும்.

மனிதர் நொடிக்கு 60 முறை முடிவை மாற்றுவதில்லை. பின்னால் நடக்கத் தொடங்கினால் பல ஃபிரேம்களுக்கு அதே பக்கம்தான் ஸ்டிக்கைப் பிடித்திருப்பார். அதனால் "போன ஃபிரேமில் செய்ததையே செய்கிறார்" என்ற அசட்டுத்தனமான ஊகம் பெரும்பாலான ஃபிரேம்களில் பலித்துவிடுகிறது.

பழைய ஆட்டங்களுக்கு இந்த முறை இவ்வளவு நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் அவற்றின் எளிமை. பின்னால் போக வேண்டுமானால் ஆட்டத்தின் முழு நிலையையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் சேமித்து வைக்க வேண்டும். தொண்ணூறுகளின் போர்டில் அந்த நினைவகம் மிகச் சிறியது, நொடியில் நகலெடுத்துவிடலாம். ஏழெட்டு ஃபிரேமை மறுபடி ஓட்டுவதும் இன்றைய பிராசஸருக்கு ஒரு வேலையே இல்லை. அதோடு, ஒரே பட்டன்களை ஒரே வரிசையில் கொடுத்தால் அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் அப்படியே ஒரே மாதிரிதான் ஓடும். இரண்டு ஊரில் இரண்டு திரை, நடுவில் அனுப்புவது படம் கிடையாது, பட்டன் மட்டும். அதனால்தான் இதற்கு 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் திட்டமெல்லாம் வேண்டியதில்லை. வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பார்க்க வேண்டியது பிங், அதாவது தகவல் அங்கே போய்த் திரும்ப ஆகும் நேரம், அதைவிட முக்கியமாக அந்தப் பிங் ஆடாமல் நிற்கிறதா என்பது.

சரி, பாரிஸ் கணக்குக்கு வருவோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து பிரான்சுக்கு வான்வழியே 8,000 கிலோமீட்டர் அளவில் தூரம் என்றால், கடலடிக் கேபிள் வளைந்து வளைந்து போவதால் 10,000ஐத் தாண்டும். போய்த் திரும்ப 100 மில்லி செகண்ட் என்பது இயற்கை போட்ட எல்லை, அதை எந்த நிறுவனமும் குறைக்க முடியாது. நடுவில் இருக்கும் ரவுட்டர்களையும் சேர்த்தால் 140, 150 என்று வந்தால் நல்ல இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

150 என்றால் ஒரு பக்கம் 75, அதாவது நாலரை ஃபிரேம். தாமத முறையில் இந்த 5 ஃபிரேமும் உங்கள் விரலில் ஏறும், வலை தடுமாறும்போதெல்லாம் இன்னும் ஏறும். ரோல்பேக்கில் இரண்டு ஃபிரேம் மட்டும் தாமதம் வைத்துக்கொண்டால் மீதி இரண்டரை ஃபிரேம்தான் ஊகத்தில் ஓடும். ஃபயர் சண்டை, தாவல், தாவினவரை மேலே தூக்கி அடிப்பது இவையெல்லாம் அதைவிட அதிக ஃபிரேம் எடுக்கும் காரியங்கள், அதனால் அசல் போலவே இருக்கும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சின்னக் குத்தும் பிடியுமாக ஆடும்போதுதான் துள்ளல் கண்ணில் படும். எனவே தம்பி பிடி ஆட்டக்காரரான ஸாங்கீஃப் எடுத்தால் உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரலாம், தூரத்திலிருந்து தாக்கும் ரியூவும் கைலும் மோதினால் பாரிஸ் என்பதே மறந்துவிடும்.

உங்கள் மேட்ச் போகும் பாதை ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. சீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கேபிள் சிங்கப்பூரில் தொடங்கி சென்னையிலும் மும்பையிலும் கரையேறி, செங்கடல் வழியாக, எகிப்தைக் கடந்து, பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் முடிகிறது. புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் சூயஸ் கால்வாய் வழியாக மார்செயில் இறங்கினார்களே, ஏறக்குறைய அதே வழி. உங்கள் பட்டன் இந்தக் கேபிளில்தான் போகும் என்று சொல்ல முடியாது, இதே வழியில் வேறு கேபிள்களும் உண்டு. ஆனால் எல்லாமே செங்கடல் என்ற குறுகலான இடத்தில் நெருக்கியடித்துப் போகின்றன. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையமே தள்ளாடியது. என்றாவது திடீரென்று பிங் இரட்டிப்பானால் வீட்டு மோடத்தைத் திட்டுவதற்கு முன் செய்தியைப் பாருங்கள்.

இதோடு ஒப்பிட ஒன்று. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பரோடு அடிக்கடி ஆடுவேன். நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் என் இணைப்பு ஒரு நிறுவனம், அவருடையது வேறொன்று. இரண்டும் சந்திக்கும் இடம் சென்னை. ஆகவே என் குத்து சென்னை போய்த்தான் லாஸ்பேட்டைக்குத் திரும்பும், முந்நூறு கிலோமீட்டர் சுற்று. அப்படிச் சுற்றினாலும் ரோல்பேக் தேவையே படாத அளவுக்குச் சீராக இருக்கும். உங்கள் ஊரிலேயே ஓர் ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது வீட்டுக்குள். இங்கேதான் பெரும்பாலான மேட்ச் கெடுகிறது, பழி பிரான்ஸ் மேல் விழுகிறது. வைஃபையில் ஆடாதீர்கள். முத்தியால்பேட்டையில் பழைய வீடு என்றால் சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமனாக இருக்கும். கூடத்தில் மோடம், பின்கட்டில் லேப்டாப் என்றால் சிக்னல் ஊசலாடும். பிங் 150 என்று நிலையாக இருந்தால் ரோல்பேக் அதைச் சமாளித்துவிடும். 120, 260, 140 என்று குதித்தால் எதனாலும் முடியாது. ஒரு நீள லேன் ஒயர் வாங்கி உத்தரத்து ஓரமாக இழுத்துவிடுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது அந்த ஒயர்தான். தம்பியையும் அதையே செய்யச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒயர் இருந்து பயனில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட் வேண்டவே வேண்டாம்.

இருவரும் ஒருவரையொருவர் இணைக்கவே முடியாமல் "தொடர்பு தோல்வி" என்று வந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் உங்கள் பக்கத்துச் சிக்கல். நம் ஊரில் பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. படம் பார்க்க, மெயில் பார்க்க அது போதும். இரண்டு வீடுகள் நேரடியாகப் பேச வேண்டிய ஆட்டத்தில் அது குறுக்கே நிற்கும். தனி ஐபி வேண்டும் என்று கேட்டால் மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் கொடுப்பார்கள். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரம் மின்சாரம் போய் வருவது உங்களுக்குத் தெரியும். லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் மோடம் அணைந்தால் மேட்ச் போயிற்று. மோடத்துக்கென்றே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் விற்கிறார்கள், ஒன்று வாங்கி வையுங்கள்.

இப்போது அந்த 2018 தொகுப்பு ஏன் வேண்டாம் என்பது. வேண்டாம் என்று முழுதாக ஒதுக்கவில்லை. 1987ல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து பன்னிரண்டு ஆட்டங்கள், வரைபடங்கள், உருவாக்கக் குறிப்புகள் என்று அது ஒரு அருமையான ஆவணக் காப்பகம். தள்ளுபடியில் கிடைத்தால் பார்த்து ரசிக்க வாங்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஆன்லைனில் ஆடக்கூடியவை நான்குதான்: ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர் டர்போ, ஆல்ஃபா 3, தேர்ட் ஸ்ட்ரைக். அதன் நெட்கோடும் ரோல்பேக்தான் என்றாலும் வெளிவந்ததிலிருந்தே அதன் மேல் புகார் அதிகம். 2022 தொகுப்பில் பத்து ஆட்டமும் ஆன்லைனில் ஆடலாம், ரோல்பேக் தரமாக இருக்கிறது, தனி அறை திறந்து தம்பியை அழைத்துக்கொள்ளலாம்.

அதிலுள்ள ஹைப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உங்களுக்கென்றே செய்தது போன்றது. 2003ல் கேப்காம் தொடரின் பதினைந்தாம் ஆண்டுக்காக உருவாக்கியது. 1991ல் வந்த முதல் பதிப்பிலிருந்து 1994ன் சூப்பர் டர்போ வரை ஐந்து பதிப்புகளின் ஆட்களும் அதில் இருக்கிறார்கள். நீங்கள் 1991ன் கைலை எடுக்கலாம், தம்பி 1994ன் ரியூவை எடுக்கலாம், இருவரும் ஒரே மேடையில் மோதலாம். அண்ணன் தம்பிக்குள் "நம்ம கடையில் இருந்ததுதான் அசல்" என்ற சண்டை வந்தால் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாங்கிய அன்றே மனம் சோர்ந்துவிடும். உங்கள் நினைவில் இருக்கும் ஆட்டம் இந்தத் தொகுப்பு எதிலும் இல்லாமல் போகலாம். ரியூ வானத்தில் தாவிக்கொண்டே ஃபயர் விட்டாரா? ஃபயர் எதிராளியைத் தேடி வளைந்து வளைந்து போயிற்றா? சண்டை நடுவில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆளே மாறினாரா? அப்படியென்றால் நீங்கள் ஆடியது ரெயின்போ எடிஷன் என்று அறியப்படும் திருட்டுப் பதிப்பு. 1992ன் சாம்பியன் எடிஷனை எவரோ மாற்றி எழுதி, நகல் போர்டுகளில் ஏற்றி உலகமெங்கும் விற்றார்கள். திருப்பாதிரிப்புலியூரில் நான் ஆடிய கடையில் இருந்ததும் அதுதான். எங்களுக்கு அதுதான் ஸ்ட்ரீட் ஃபைட்டர், வேறொன்று இருக்கிறது என்றே தெரியாது. அந்தப் பதிப்புகளின் கிறுக்கு வேகத்துக்குக் கடைகளில் இருந்த வரவேற்பைப் பார்த்துத்தான் கேப்காமே 1992 கடைசியில் வேகம் கூட்டிய ஹைப்பர் ஃபைட்டிங்கை இறக்கியது. ரியூவும் கென்னும் வானத்தில் சுழன்று உதைப்பது, சுன்-லி ஃபயர் விடுவது, தால்சிம் மறைந்து வேறிடத்தில் தோன்றுவது எல்லாம் அதில்தான் முறைப்படி வந்தன. எனவே ஹைப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல் நுழைந்ததும் டர்போ பதிப்பு (ஹைப்பர் ஃபைட்டிங்தான் அது) ஆளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பழைய விரலுக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

தால்சிம் என்றதும் ஒரு வார்த்தை. எங்கள் கடையில் அவரை எவரும் எடுக்க மாட்டார்கள். மெதுவாக நடப்பார், நம் ஊர்க்காரராக வேறு காட்டியிருக்கிறார்கள், மண்டை ஓட்டு மாலையோடு. கம்ப்யூட்டர் எடுத்தால் எளிதில் தோற்கடிக்கலாம் என்று மகிழ்வோம். ஆனால் சூப்பர் டர்போவில் இன்றும் போட்டி ஆடுகிறவர்கள் மிக வலுவான ஆட்களின் வரிசையில் தால்சிமை வைக்கிறார்கள். திரையின் அந்தக் கோடிக்குக் கை நீட்டி எதிராளியை நெருங்கவே விடாமல் ஆடத் தெரிந்தவர் கையில் அவர் வேறு ஆள். நீண்ட தூர இணைப்புக்கும் மிகப் பொருத்தம், ஏனென்றால் அவர் அடிகள் ஒட்டிக்கொண்டு நடப்பதில்லை. தம்பியைத் திகைக்க வைக்க வேண்டுமானால் பயிற்சி முறையில் கொஞ்ச நாள் தால்சிமோடு இருங்கள்.

தேர்ட் ஸ்ட்ரைக் ஆடலாமா என்றால், அழகான ஆட்டம், ஆனால் இருவரும் கொஞ்சம் பழகிய பிறகு. அதில் பேரி என்று ஒன்று உண்டு, அடி மேலே படும் அந்த நொடியில் ஸ்டிக்கை முன்னால் தட்டினால் அடி ஒன்றுமில்லாமல் போகும். 2004 ஈவோவில் டைகோ உமேஹாராவின் கென்னுக்கு உயிர் ஒரு நூலளவுதான் இருந்தது, தடுத்தாலே செத்துவிடுவார். எதிரே ஆடிய ஜஸ்டின் வாங், சுன்-லியின் சூப்பர் என்ற தொடர் அடித் தாக்குதலைப் போட்டார். அதிலிருந்த பதினைந்து அடியையும் டைகோ பேரி செய்துவிட்டு, திருப்பி அடித்து அந்த ரவுண்டை வென்றார். அந்தக் காணொளியைப் பார்த்திராவிட்டால் இன்றிரவே பாருங்கள். கூடிக் குறையும் தாமதத்தில் அப்படி ஒன்றை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ரோல்பேக்கில் உங்கள் விரல் நேரம் உங்களுடையதாகவே இருப்பதால் பேரி பழக முடிகிறது.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 ஆடியவர்களும் இதைப் படிப்பீர்கள், அதனால் சுருக்கமாக: 97 குளோபல் மேட்ச் 2018ல் பிஎஸ்4க்கும் கணினிக்கும் வந்தது. நான் அதைவிட 98 அல்டிமேட் மேட்ச் ஃபைனல் எடிஷனைச் சொல்வேன், 2022ல் ரோல்பேக்கோடு பிஎஸ்4க்கு வந்தது, ஆட்டமாகவும் 97ஐவிடச் சமநிலை உள்ளது.

நேரம் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. பிரான்ஸ் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. தம்பி வேலை முடிந்து ஏழு மணிக்கு உட்கார்ந்தால் உங்களுக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஞாயிறு மதியம்தான் இருவருக்கும் தோது. மற்ற நாட்களில் முகம் தெரியாதவர்களோடு ஆட நினைத்தால், இந்தியாவிலிருந்து பொது வரிசையில் ஆள் கிடைப்பது கொஞ்சம் அரிது. வெளிவந்த வாரத்தில் கூட்டம் இருக்கும், பிறகு குறைந்துவிடும். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நேரம் வைத்து ஆடுவதே நிலைக்கும்.

கடைசியாக ஸ்டிக். இப்போது வாங்காதீர்கள். கையில் இருக்கும் பிஎஸ்4 கன்ட்ரோலரின் திசைப் பட்டன்களே இந்த ஆட்டத்துக்குப் போதும். மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறு பட்டன் வேண்டும். முன்பக்க நான்கில் சின்னதும் நடுத்தரமும், வலது தோள்பட்டன் இரண்டில் பெரிய குத்தும் பெரிய உதையும் வையுங்கள். லேப்டாப்பை டிவியில் மாட்டி ஆடினால் டிவியின் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். சில டிவிகள் படத்தை அழகாக்குகிறேன் என்று பல ஃபிரேம்களை விழுங்கிவிடும், பாரிஸ் வரைக்கும் மிச்சப்படுத்தியதைக் கூடத்தில் தொலைத்த மாதிரி ஆகும். ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். ஆசை குறையவில்லை என்றால் அப்போது ஸ்டிக் பற்றிக் கேளுங்கள், எந்த ஸ்டிக், எந்தப் பட்டன் என்று தனியாக எழுதுகிறேன்.